மதுரையிலிருந்து மகளிரியல் மேற்படிப்புக்கு: புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

இளநிலைப் பட்டத்தின் இறுதி ஆண்டில் இருக்கும் மாணவர்கள் மகளிரியலிலோ பாலின ஆய்விலோ மேற்படிப்புப் படிக்க விரும்பி வழி கேட்டு வரும்போது, அவர்களுடைய முதல் கேள்வி பெரும்பாலும் எந்தப் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பிக்கலாம் என்பதாகவே இருக்கிறது. அதற்கான விடை இந்தக் கட்டுரையின் நடுவில் வருகிறது. அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. எதைத் தெரிந்துகொள்வதற்காக இந்தப் படிப்புக்குள் வருகிறோம் என்பதை ஒரு பக்க அளவில் எழுதிப் பார்ப்பதே அது. பல்கலைக்கழகத் தேர்வு, விண்ணப்பத்தோடு கேட்கப்படும் நோக்க அறிக்கை, நேர்முகம், ஆய்வேட்டின் தலைப்பு, பின்னாளில் முனைவர் பட்டத்துக்கு எழுதும் ஆய்வு முன்வரைவு ஆகிய எல்லாமே அந்த ஒரு பக்கத்தைச் சார்ந்தே அமைகின்றன. மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பக்கத்தை எழுதுவதற்கான பொருள் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இது என்ன படிப்பு?

1974இல், இந்தியப் பெண்களின் நிலையை ஆராய்ந்த குழு ‘சமத்துவத்தை நோக்கி’ என்னும் அறிக்கையை மத்திய அரசிடம் அளித்தது. சுதந்திரத்துக்குப் பிறகு கால் நூற்றாண்டு கடந்த நிலையில், சட்டத்தில் சமத்துவம் எழுதப்பட்டிருந்தும் பாலின விகிதத்திலும் வேலைவாய்ப்பிலும் பெண்களின் நிலை பின்னுக்குப் போயிருப்பதை அந்த அறிக்கை எண்களோடு காட்டியபோது, அதுவரை பெண்களைப் பற்றித் தனியாக ஆராய வேண்டியதில்லை என்று கருதியிருந்த சமூக அறிவியலாளர்கள் பலர் தங்கள் பாடங்களையே மறுபரிசீலனை செய்ய நேர்ந்தது. அதே ஆண்டில் மும்பையின் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தில் பெண்கள் குறித்த ஆய்வுப் பிரிவு தொடங்கியது. 1982இல் இந்திய மகளிரியல் சங்கம் உருவானது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை பெண்களின் சமத்துவத்துக்கான கல்வியை வலியுறுத்திய பின், பல்கலைக்கழக மானியக் குழுவின் உதவியோடு மகளிரியல் மையங்கள் நாடெங்கும் பரவின.

ஆகவே, இது வரலாறு, சமூகவியல், பொருளியல், சட்டம், இலக்கியம் ஆகிய பல பாடங்களின் முறைகளைக் கையாளும் ஒரு சமூக அறிவியல் துறை. குடும்பம், உழைப்பு, சொத்து, சாதி, உடல்நலம், ஆண்மை பற்றிய எண்ணங்கள், திருநங்கையர் மற்றும் திருநம்பியரின் உரிமைகள் எல்லாம் இதற்குள் வரும். ஆண்களும் படிக்கலாம், மகளிர் பல்கலைக்கழகம் அல்லாத துறைகளில் ஆண் மாணவர்கள் சேர்ந்து படித்துத்தான் வருகிறார்கள். எந்தப் பாடத்தில் இளநிலைப் பட்டம் பெற்றவரையும் பெரும்பாலான துறைகள் ஏற்கின்றன என்பதால் ஆங்கில இலக்கியம், வணிகவியல், விலங்கியல் படித்தவர்கள்கூடத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு நேரடியாக ஆலோசனை வழங்க விரும்புபவருக்குச் சமூகப்பணி அல்லது உளவியல் முதுநிலையும், வழக்காட விரும்புபவருக்குச் சட்டப் படிப்புமே பொருத்தமானவை. இந்தப் பிரிப்பை முதலிலேயே செய்துகொள்ளாமல் சேர்ந்துவிட்டு இரண்டாம் பருவத்தில் மனம் தளர்பவர்கள் உண்டு.

முதல் வேலை: ஒரு பக்கத்தில் ஒரு கேள்வி

‘பெண்களின் சொத்துரிமை’ என்று ஒரு மாணவி எழுதிக் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது ஒரு பொருள், இன்னும் கேள்வியாகவில்லை. அதைக் கேள்வியாக்க, அந்தப் பொருளுக்கு வரலாறும் இடமும் கொடுக்க வேண்டும்.

பெண்களுக்கும் சமமான சொத்துரிமை வேண்டும் என்று 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானம் நிறைவேற்றியது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1989இல், தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு இணையான பங்கைக் கொடுத்தது. ஆனால் சட்டம் நடைமுறைக்கு வந்த நாளுக்கு முன்பே திருமணமாகியிருந்த பெண்களுக்கு அந்த உரிமை கிடைக்கவில்லை. 2005இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த திருத்தம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. சட்டத்தின் கதை இது. மேலூர்ப் பக்கத்திலோ உசிலம்பட்டிப் பக்கத்திலோ ஒரு குடும்பத்தில் நிலம் பிரிக்கும் நாளில் நடப்பது வேறு. அக்காள் தங்கைகள் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு வந்து, தங்கள் பங்கை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டுவிட்டுப் போகிறார்கள். பிள்ளைக்குக் காது குத்தும்போதும் மகளுக்குச் சடங்கு செய்யும்போதும் தாய்மாமன் சீர் வர வேண்டும், பிறந்த வீட்டு வாசல் திறந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் இருக்கிறது. பங்கு கேட்டவள் என்ற பெயரை எடுக்க விரும்பாத தயக்கமும் இருக்கிறது. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்த பின், ‘2005ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, மேலூர் வட்டத்தின் ஒரு கிராமத்தில், விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்த பெண்கள் அந்த முடிவை எவ்வாறு விளக்குகிறார்கள்? தாய்மாமன் சீர் என்ற எதிர்பார்ப்புக்கு அந்த முடிவில் என்ன பங்கு?’ என்று அந்த மாணவி எழுதினால், அது ஆய்வுக்குரிய கேள்வியாகிவிடுகிறது. அதற்கான சான்று எங்கே கிடைக்கும் என்பதும் அந்தக் கேள்விக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. ஒரு புல எண்ணுக்கு வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்த்தால், யார் யாருக்கு எந்த ஆண்டில் விடுதலை எழுதினார் என்பது பதிவாகியிருக்கும். அந்தப் பதிவுக்குப் பின்னால் இருக்கும் பேச்சைப் பெண்களிடமும் அவர்களுடைய சகோதரர்களிடமும் கேட்டறியலாம்.

இதே முறையில் வேறு பொருள்களையும் அணுகலாம். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது; விடிவதற்கு முன்பே தோட்டத்தில் மொட்டுப் பறிக்கும் பெண்ணின் கூலிக்கும், மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் அன்றைக்கு ஏறும் விலைக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். மதுரைக்கு அருகிலுள்ள புல்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை, கூலி வேலை செய்துகொண்டே களஞ்சியம் சேமிப்புக் குழுக்களைக் கட்டியெழுப்பி 2019இல் பத்மஸ்ரீ பெற்றார். அவருடைய தலைமுறைக் குழுக்களில் இருந்த பெண்கள் இன்று நுண்கடன் நிறுவனங்களை எவ்வாறு எதிர்கொள்கிறார்கள் என்று கேட்கலாம். சட்டத்தில் ஈடுபாடு உள்ளவர்கள், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரல் 22 அன்று அளித்த தீர்ப்பிலிருந்து தொடங்கலாம். இந்துத் திருமணச் சட்டத்தில் மணமகள் என்று சொல்லப்படுபவருள் திருநங்கையும் அடங்குவார் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. ஆண், பெண் என்ற வகைக்குள் அடங்காத உடற்கூறோடு பிறக்கும் இடைப்பாலினக் குழந்தைகளுக்கு அவசியமின்றிச் செய்யப்படும் பாலின அறுவைச் சிகிச்சைகளைத் தடுக்கவும் அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு அத்தகைய சிகிச்சைகளைத் தடை செய்தது. நம் ஊர் நீதிமன்றத்தில் பிறந்த இந்தத் தீர்ப்பைப் படிக்காமல் பாலின ஆய்வுக்கு விண்ணப்பிப்பது பெரிய குறை என்றே கருதுகிறேன்.

உசிலம்பட்டியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 1986இல் ஓர் ஆங்கில இதழ் அந்த வட்டாரத்தின் பெண் சிசுக்கொலையைப் பற்றி எழுதியதிலிருந்து, பத்திரிகையாளர்களும் ஆய்வாளர்களும் அதே கேள்வியோடு அங்கே போய்க்கொண்டேயிருக்கிறார்கள். ஒரு வட்டாரத்தின் பெயரே ஒரு குற்றத்தின் பெயராகிவிட்டதால் அங்குள்ள பெண்கள் படும் வேதனையை நேரில் கேட்டவர்கள் அறிவார்கள். அந்த ஊரைப் பற்றி எழுத வேண்டுமென்றால், அங்கே பிறந்து வளர்ந்து இன்று முப்பது நாற்பது வயதில் இருக்கும் பெண்களின் கல்வி, வேலை, திருமணம் பற்றிக் கேட்பதில் நியாயமும் இருக்கிறது, புதுமையும் இருக்கிறது.

படிக்கத் தொடங்குதல்

கேள்வி ஓரளவு உருப்பெற்றதும், விண்ணப்பக் காலத்துக்கு ஆறு மாதம் முன்பே வாசிப்பைத் தொடங்கிவிட வேண்டும். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ, தன் மகளிரியல் மற்றும் பாலின ஆய்வுகள் முதுநிலைப் பாடப்புத்தகங்களை இ-ஞானகோஷ் என்ற இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர எண்ணுபவரும் முதலில் அவற்றில் இரண்டையாவது முழுமையாகப் படித்துவிடலாம். அடுத்து, இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் தொகுக்கும் சோத்கங்கா தளத்தில் உங்கள் பொருளைத் தேடுங்கள். மதுரை காமராசர், அழகப்பா, அன்னை தெரசா பல்கலைக்கழகங்களில் முன்பே அதே பொருளில் யார் என்ன செய்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். அந்த ஆய்வேடுகளில் சில மிக நன்றாக இருக்கும், சில சோர்வைத் தரும்; இரண்டையும் படிப்பது பயனுள்ளதே.

ஆங்கிலம் பற்றிய அச்சம்தான் பலரைப் பின்வாங்க வைக்கிறது. கோட்பாட்டு நூல்களும் ஆய்விதழ்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன என்பது உண்மை. நாளொன்றுக்கு ஐந்து பக்கம் ஆங்கிலத்தில் படித்து, படித்ததைத் தமிழில் பத்து வரியில் எழுதி வைக்கும் பழக்கத்தை ஆறு மாதம் விடாமல் பின்பற்றுபவருக்கு அந்த அச்சம் வெகுவாகத் தணிந்துவிடும். மறுபுறம், சான்றுகள் தமிழில் இருக்கின்றன. தமிழை ஆழமாக வாசிக்கத் தெரிந்தவருக்கு அங்கே பெரும் சாதகம் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரிப்பிலிருந்து உருவாகிச் சென்னையில் இயங்கும் ஆராய்ச்சி நூலகத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க காலப் பெண்கள் இதழ்கள், சுயமரியாதை இயக்க வெளியீடுகள், விதவைத் திருமணம் பற்றிய சிறு பிரசுரங்கள் கிடைக்கின்றன. மதுரையிலேயே புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகமும், தமுக்கத்துக்கு அருகில் காந்தி அருங்காட்சியகத்தோடு இணைந்த நூலகமும் இருக்கின்றன. வீட்டில் படிக்க இடமும் அமைதியும் இல்லாத பெண்களுக்கு நூலகத்தின் மேசை ஒன்றே பெரிய உதவி. சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் போய்வரச் செலவும் இல்லை.

எண்களையும் ஒதுக்கிவிடாதீர்கள். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடுவோருள் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகக் காட்டியது. இந்தக் கணக்கெடுப்பையும் தேசியக் குடும்ப நல ஆய்வையும் வாசிக்கப் பழகியவருக்கு நேர்முகத்தில் தனி மதிப்பு உண்டு.

எங்கே சேரலாம்

மதுரைக்கு அருகிலிருந்தே தொடங்குவோம். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் மகளிரியல் துறை இருக்கிறது. மாட்டுத்தாவணியிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். 1984இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்திலும் மகளிரியல் துறை உண்டு. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் மகளிரியல் துறையும் நெடுங்காலமாக இயங்கி வருவது. இம்மூன்றில் ஒன்றில் சேர்பவருக்குக் களம் பக்கத்தில் இருக்கும், செலவு குறையும், தமிழ்ச் சான்றுகளை அறிந்த ஆசிரியர்கள் கிடைப்பார்கள். சேர்க்கை அறிவிப்பு எப்போது வருகிறது, தேர்வைத் தமிழில் எழுத இடமுண்டா, விடுதி உண்டா என்பதை அந்தந்த ஆண்டில் துறை அலுவலகத்திலேயே கேட்டறிந்துகொள்ளுங்கள். சென்ற ஆண்டு சேர்ந்த மாணவர் சொல்வதை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது.

வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவர்களுக்கும் சிறு குழந்தை உள்ளவர்களுக்கும் இக்னோவின் தொலைநிலை முதுநிலைப் படிப்பு நல்ல வழி. மதுரையில் அதன் மண்டல மையம் இருக்கிறது. ஆனால் தொலைநிலையில் படிப்பவர் சக மாணவர்களோடு வாதிட்டுக் கற்கும் வாய்ப்பை இழக்கிறார் என்பதை மறந்துவிடக் கூடாது. லேடி டோக், பாத்திமா போன்ற மதுரைக் கல்லூரிகளில் நடக்கும் கருத்தரங்குகளுக்குப் போய் அமர்ந்து அந்தக் குறையை ஓரளவு ஈடு செய்துகொள்ளலாம்.

மாநிலத்துக்கு வெளியே மும்பையின் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் மகளிரியல் முதுநிலையும், தில்லி அம்பேத்கர் பல்கலைக்கழகத்தின் பாலின ஆய்வுகள் முதுநிலையும் பலரும் நாடுபவை. மத்தியப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கியூட் முதுநிலை நுழைவுத் தேர்வின் வழியே மாணவர்களைச் சேர்க்கின்றன. அதற்கான விண்ணப்பம் நம் கல்லூரிகளில் இறுதிப் பருவத் தேர்வு நடப்பதற்கு வெகு முன்பே முடிந்துவிடுவதால், டிசம்பரிலிருந்தே அதை நடத்தும் தேசியத் தேர்வு முகமையின் அறிவிப்பைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

வெளிநாட்டைப் பொறுத்தவரை, இளநிலை முடித்த கையோடு போவதைவிட இங்கே முதுநிலையும் சிறிது பணி அனுபவமும் பெற்றபின் போவதையே பரிந்துரைப்பேன். அமெரிக்காவில் படிப்பதற்கான ஃபுல்பிரைட்-நேரு முதுநிலை உதவித்தொகை மூன்று ஆண்டுப் பணி அனுபவம் கேட்கிறது. பிரிட்டனின் செவனிங் இரண்டு ஆண்டு கேட்கிறது. ஐரோப்பாவில், ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கும் ஜெம்மா என்ற கூட்டு முதுநிலைப் படிப்பு இத்துறைக்கென்றே அமைந்தது. பட்டியல் சாதி மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை விதிகளில் 2022இல் செய்யப்பட்ட மாற்றத்தின்படி, இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய தலைப்புகளுக்கு அந்த உதவி கிடைக்காது. சாதியையும் பாலினத்தையும் சேர்த்து ஆராய விரும்பும் மாணவிகளை இந்த விதி நேரடியாகத் தாக்குகிறது. இது நியாயமற்றது என்பது என் கருத்து. அந்த உதவித்தொகையை நம்பித் திட்டமிடுபவர் நடப்பு ஆண்டின் வழிகாட்டு விதிகளை வரி வரியாகப் படித்துவிட்டே தலைப்பை முடிவு செய்ய வேண்டும்.

நோக்க அறிக்கை

ஒரு பக்கத்தில் எழுதி வைத்த கேள்வி இங்கேதான் பயன்படப் போகிறது. ‘சிறு வயது முதலே பெண்களின் முன்னேற்றத்தில் எனக்கு ஆர்வம் உண்டு’ என்று தொடங்கும் அறிக்கைகளைத் தேர்வுக் குழுவினர் கட்டுக்கட்டாகப் படித்திருப்பார்கள். அந்த வரியை எடுத்துவிட்டு, விடுதலைப் பத்திரத்தையோ மல்லிகைக் கூலியையோ நீங்கள் கண்ட விதத்தை நான்கு வரியில் எழுதுங்கள். அதைப் பற்றி இதுவரை படித்தவற்றுள் இரண்டைச் சொல்லுங்கள். அவை எதை விளக்கவில்லை என்று சொல்லுங்கள். அந்தக் குறையை நிரப்ப இந்தத் துறையில் எந்தப் பாடம், எந்த ஆசிரியரின் ஆய்வு உங்களுக்கு உதவும் என்பதைச் சொல்லி முடியுங்கள். துறையின் பாடத்திட்டத்தைப் படிக்காமல் இந்தக் கடைசிப் பகுதியை எழுத இயலாது; குழுவினர் பார்ப்பதும் அதைத்தான்.

தன் வாழ்வில் பட்ட துன்பத்தை அறிக்கையில் எழுதலாமா என்று கேட்பவர்கள் பலர். எழுதலாம்; ஆனால் அதை வாசிப்பவர் யார் என்பது நம் கையில் இல்லை என்பதால், நேர்முகத்தில் முன்பின் தெரியாத ஐந்து பேர் அதைப் பற்றிக் கேட்டாலும் நிதானமாகப் பேச முடியும் என்ற அளவுக்கு மட்டுமே எழுதுவது நல்லது.

பரிந்துரைக் கடிதத்துக்கு, பெயர் பெற்ற பேராசிரியரைவிட உங்கள் கட்டுரையைத் திருத்திக் கொடுத்த ஆசிரியரே ஏற்றவர். ஒரு மாதம் முன்பே கேட்டு, அறிக்கையின் படியையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

சான்றிதழும் பணமும்

மதுரையின் தன்னாட்சிக் கல்லூரிகளில் மதிப்பெண் பட்டியலைக் கல்லூரி தருகிறது. பட்டத்தை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் தருகிறது. வேறு பல்கலைக்கழகத்தில் சேரும்போது கேட்கப்படும் இடப்பெயர்வுச் சான்றிதழையும் பல்கலைக்கழகத்திலேயே பெற வேண்டும் என்பதால், தேர்வு முடிவு வந்த வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். சாதி, வருமானச் சான்றுகளை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும். வருமானச் சான்று பழையதாக இருப்பதால் உதவித்தொகை தள்ளிப்போவது அடிக்கடி நடக்கிறது.

அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தை நம்பி முதுநிலைச் செலவைக் கணக்கிட வேண்டாம், அது முதற்பட்டத்துக்கானது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை முதுநிலைக்கும் உண்டு. அதற்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாமல் இருக்க வேண்டும். முதுநிலை மாணவர்களுக்கான மத்திய அரசின் தேசிய உதவித்தொகைக்கும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம்.

வீட்டாரிடம் பேசும்போது, படிப்பின் பெயரைச் சொல்லி நிறுத்திவிடாமல், விடுதி, கட்டணம், உதவித்தொகை, முடித்தபின் என்ன என்ற நான்குக்கும் விடை எழுதிய தாளோடு பேசுங்கள். அப்பாவிடம் நேரடியாகப் பேச முடியாத வீடுகளில், படித்த சித்தியோ அத்தையோ முதலில் அந்தத் தாளைப் பார்ப்பது பலருக்கு உதவியிருக்கிறது.

களத்தில் நடந்துகொள்ளும் முறை

முதுநிலையின் இரண்டாம் ஆண்டில் ஆய்வேட்டுக்காகக் களத்துக்குப் போக வேண்டியிருக்கும். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் பெண்ணைச் சந்திக்கப் போகிறீர்கள் என்று கொள்வோம். துணியையும் நூலையும் வியாபாரி கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அந்தப் பெண் திண்ணையிலோ கூடத்திலோ அமர்ந்து, துணியின் சிறு நுனியை நகத்தால் கிள்ளியெடுத்து நூலைச் சுற்றி இறுக்குவார். இப்படி ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள். இடையில் உலை கொதிக்கும், குழாயில் தண்ணீர் வரும், பிள்ளை பள்ளியிலிருந்து திரும்பும். ஒரு சேலைக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கேட்டால் அவரால் விடை சொல்ல முடியாது. வேலையும் வீடும் பிரியாத ஒரு நாளில் மணிக்கணக்கை யாரும் தனியே வைத்துக்கொள்வதில்லை. அந்த இடத்தில் கேள்வித்தாளை மடித்து வைத்துவிட்டு, காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள் அக்கா என்று கேட்டு, அவர் சொல்லும் வரிசையிலேயே குறித்துக்கொண்டு போனால், கூலிக் கணக்கில் வராத உழைப்பு முழுவதும் தாளில் வந்துவிடும். முடிந்தால் அருகில் அமர்ந்து நீங்களும் பத்து முடிச்சுப் போட்டுப் பாருங்கள்.

பேசுவதற்கு முன் ஒப்புதல் பெற வேண்டும். ஒப்புதல் தாளில் கையெழுத்துக் கேட்பது பல வீடுகளில் அச்சத்தை உண்டாக்கும். பத்திரத்தில் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்தவர்கள் இருக்கும் ஊர்களில் அந்த அச்சம் நியாயமானது. அத்தகைய இடத்தில் தாளைத் தமிழில் படித்துக் காட்டி, வாய்மொழி ஒப்புதலைக் கைபேசியில் பதிவு செய்ய இயலுமா என்று உங்கள் வழிகாட்டியிடம் முன்பே கேட்டு அனுமதி பெறுங்கள். ஆய்வேட்டில் பெயரை மாற்றிவிட்டால் மட்டும் அடையாளம் மறைந்துவிடாது. சிறிய கிராமத்தில் சாதி, தெரு, கணவரின் தொழில் ஆகிய மூன்றைச் சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். மாமியாரும் கணவரும் அருகில் இருக்கும்போது வன்முறை பற்றிய கேள்வியைத் தொடவே கூடாது. உதவி தேவைப்படுபவருக்குக் கொடுப்பதற்காக 181 என்ற மகளிர் உதவி எண்ணைக் கையில் வைத்திருங்கள். உங்கள் பாதுகாப்புக்காக, போகும் ஊரையும் திரும்பும் பேருந்தையும் ஒரு தோழியிடம் சொல்லிவிட்டே புறப்படுங்கள்.

முடித்தபின்

வேலை பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டியவை உண்டு. மேல்நிலைப் பள்ளி முதுநிலை ஆசிரியர் பணியிடங்கள் பள்ளிப் பாடங்களுக்கு உரியவை என்பதால் மகளிரியல் முதுநிலையை வைத்து அவற்றுக்கு விண்ணப்பிக்க இயலாது. அந்த வேலையே குறிக்கோளாக இருப்பவர் தன் இளநிலைப் பாடத்திலேயே முதுநிலை முடித்து, ஆய்வை மட்டும் பாலினப் பொருளில் அமைத்துக்கொள்வது நல்லது. கல்லூரிகளில் தனி மகளிரியல் துறைகள் குறைவு. தொண்டு நிறுவனங்கள், மகளிர் திட்டத்தின் பணிகள், வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்கள், கணக்கெடுப்பு மற்றும் ஆய்வு நிறுவனங்கள், இதழியல் ஆகிய இடங்களிலேயே பெரும்பாலோர் பணிக்குச் சேர்கிறார்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டம் பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கு உள்ளகக் குழு அமைக்கச் சொல்வதால், அக்குழுக்களுக்குப் பயிற்சி அளிக்கும் வேலையும் இருக்கிறது.

ஆய்வைத் தொடர விரும்புபவர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுத வேண்டும். அதில் மகளிரியல் 47ஆம் எண் பாடம். முதல் தாளில் 50, இரண்டாம் தாளில் 100 என மொத்தம் 150 வினாக்கள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. மொழிப்பாடங்கள் நீங்கலாக வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே வருவதால், தமிழ்வழியில் படித்தவர்கள் முதலாம் ஆண்டிலிருந்தே பழைய வினாத்தாள்களைப் பார்த்துவர வேண்டும். இளநிலை ஆய்வு நிதியான ஜே.ஆர்.எஃப். பெறுபவருக்கு முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாயும் அதன்பின் 42,000 ரூபாயும் கிடைக்கும். அதற்குரிய வயது வரம்பு 30. பெண்களுக்கு ஐந்து ஆண்டுத் தளர்வு உண்டு. திருமணத்துக்குப் பின் படிப்பை விட்டுவிட்டுத் திரும்ப வருபவர்கள் இந்தத் தளர்வை அறியாமலே நாள் கடத்திவிடுகிறார்கள்.

முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் இடையில் இருந்த எம்.ஃபில். பட்டம், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளோடு நின்றுவிட்டதால் இப்போது முதுநிலையிலிருந்து நேராக முனைவர் பட்டத்துக்குப் போகலாம். முதுநிலையில் 55 விழுக்காடும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50 விழுக்காடும் வேண்டும். குறைந்தது மூன்று ஆண்டு, மிகுதியாக ஆறு ஆண்டு என்பது கால வரம்பு. பெண் ஆய்வாளர்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டு நீட்டிப்பும், ஆய்வுக் காலத்தில் மகப்பேறு அல்லது குழந்தை வளர்ப்பு விடுப்பாக 240 நாள் வரையும் அதே விதிகள் அனுமதிக்கின்றன. எந்தத் துறையில் பதிவு செய்யப் போகிறீர்களோ அந்த அலுவலகத்தில், இந்த விடுப்புக்கு விண்ணப்பிக்கும் முறை என்ன, விடுப்புக் காலத்தில் ஆய்வு நிதி தொடருமா என்பதை நெறியாளரை உறுதி செய்வதற்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.